பச்சையம்மாள் முழங்காலுக்குத் திறப்பு விழா

மாங்காய் ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்தவர்கள் ஆந்திர எல்லையோரத்துப் பாலசமுத்திரம் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. விழுந்ததற்காகப் பொன்னாடை போர்த்தப்பட்டவள் பச்சையம்மாள் ஒருத்திதான்.

ஆந்திரம் இன்னும் ஒரே மாநிலமாக இருந்த காலம். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு லோடு போய்க்கொண்டிருந்தது. குவியலின் மேல் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பச்சையம்மாள் இறங்கினாள், ஏறவில்லை. வலது முழங்கால் கல்லில் மோதி, பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது.

புருஷன் கங்கையா அவளைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போனான். கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்துவிட்டு, “எலும்பு முறியலம்மா, நான் எதைக் கட்டறது?” என்று அனுப்பிவிட்டார். சித்தூரில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்தார். முட்டிக்குள் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு உண்டு, அதில் ஒரு பக்கம் பேர்ந்துவிட்டது என்றார். சில மாதம் ரெஸ்ட் எடுக்க வேண்டும், காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்.

ரெஸ்ட் என்பது பச்சையம்மாளுக்குத் தெரிந்த சொல்தான். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போவதற்கு அந்தப் பெயர். அதை மாதக் கணக்கில் எடுக்கலாம் என்பதுதான் புதிய சேதி. அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த துண்டு நிலம் ஒன்று இருந்தது. அது வருகிறவரை அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில்தான் குனிந்தது. இப்போது சொந்த நிலத்திலும் குனிய வேண்டும், அடுத்தவன் நிலத்திலும் குனிய வேண்டும். முன்னேற்றம் என்றால் சும்மாவா?

நிற்க முடிந்தது. இழுத்து இழுத்து நடக்கவும் முடிந்தது. குந்தத்தான் முடியவில்லை. குந்த முடியாத பெண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது? களையெடுப்பதும் கடலை பிடுங்குவதும் குந்தித்தான். அடுப்பும் பாத்திரமும் குந்தித்தான். விடியலில் முள்செடி மறைவுக்குப் போனால் அங்கேயும் குந்தித்தான். அங்கே ஒரு வேலமரக் கிளையைப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து அழுததை மட்டும் கங்கையா பார்த்தான். அன்றிலிருந்து சமையலை அவன் எடுத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் துன்பம் சமமாகப் பங்கிடப்பட்டது.

அப்போதுதான் குவைத்திலிருந்து மகன் தமிழ்ச்செல்வன் போன் செய்தான். அங்கே ஒரு அரபுச் சேட்டு வீட்டில் கார் ஓட்டுகிறான். அறையில் தெலுங்கு டிவி பார்த்தானாம்.

“ம்மா, திருப்பதில ஒரு டாக்டர் கீறாரும்மா. உன் ரத்தத்தையே எடுத்து, அதுல இருந்து விதை மாதிரி ஒண்ணைப் பிரிச்சி, உன் முட்டிலயே போட்றாராம். மெத்தை திரும்ப முளைச்சிக்குதாம். மொத ஆளுக்கு ஃப்ரீன்றாங்க. நைனாவ கூட்டினு சீக்கிரம் போ.”

சீக்கிரமாகத்தான் போனார்கள். கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாக பஸ்ஸில் திருப்பதி.

ரேணிகுண்டா ரோட்டில் இருந்தது ஸ்ரீ புனர்யௌவன இன்ஸ்டிட்யூட் ஆஃப் ரீஜெனரேட்டிவ் மெடிசின். வெளியே முழுக்கக் கண்ணாடி. உள்ளே மார்கழிக் குளிர். வாசலில் ஒரு நீரூற்று, நோயாளிகளைப் பார்த்துப் பூத்தூவிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் இதைச் சுருக்கமாகப் புனர் ஆஸ்பத்திரி என்றார்கள். ஏதோ புனல் விற்கிற கடை மாதிரி இருக்கிறது என்று நிர்வாகம் வருத்தப்பட்டது.

அதன் சேர்மன் டாக்டர் ஹரிபிரசாத். நெடுங்காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். தெலுங்கில் பேசுவார், நடுநடுவே அமெரிக்காவில் பேசுவார். அவர் பக்கத்தில் எப்போதும் டை கட்டிய கிரண்குமார் நிற்பார். நோயாளி உறவு அதிகாரி என்பது அவருடைய உத்தியோகம். அவருக்கும் நோயாளிக்கும் எந்த உறவும் இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் மூலச் செல்கள் உண்டு. ஊசி போட்டால் அவை ரத்தத்துக்குள் இறங்கி வரும். ஒரு மெஷின் ஒரு கையிலிருந்து ரத்தத்தை வாங்கி, அந்தச் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கையில் திருப்பிக் கொடுத்துவிடும். பிரித்ததைப் பத்திரப்படுத்தி முட்டியில் போட்டால், தேய்ந்த இடத்தில் மெத்தை வளரும்.

கங்கையா யோசித்தான். “அப்டீன்னா நாத்து விட்டு, பிடுங்கி, வேற கழனில நடற மாதிரி.”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. கிரண்குமார் பக்கம் திரும்பி, “நோட் பண்ணிக்கோ” என்றார்.

கங்கையாவுக்குத் தைரியம் வந்தது. “அமெரிக்காவுல எத்தினி பேருக்கு சார் முளைச்சுது?”

“அங்கே இதுக்கு அனுமதி கேக்கணும்” என்றார் டாக்டர் வேதனையோடு. “கேட்டா, முதல்ல எலிக்குப் பண்ணு, அப்புறம் ஆட்டுக்குப் பண்ணு, வருஷக்கணக்கா காத்திருந்து காட்டுன்னு சொல்றாங்க. அறிவியலுக்கு அங்கே சுதந்திரமே இல்லை. அதனாலதான் தாய்நாட்டுக்குச் சேவை செய்யணும்னு கிளம்பி வந்துட்டேன்.”

“அப்ப ஆட்டுக்கு பதிலா நானா?” என்றாள் பச்சையம்மாள்.

கிரண்குமார் பதறிப்போனார். “அப்படிச் சொல்லாதீங்கம்மா! நீங்க முன்னோடி. சேர்மன் சார் எத்தனையோ பேரைப் பார்த்துட்டு உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கார். கிராமம், பெண்மணி, எல்லைப் பகுதி. தெலுங்கும் வருது, தமிழும் வருது. உங்க ஒரு முட்டியில ரெண்டு ஸ்டேட் மார்க்கெட் இருக்கும்மா.”

முட்டியில் வலி மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஊசி ஆரம்பமானது. சில நாளில் இடுப்பெலும்பு, மாரெலும்பு, முதுகெலும்பு எல்லாம் உள்ளுக்குள் குடைந்தன. அதுவரை முட்டி மட்டும் வலித்தவளுக்கு இப்போது முட்டி ஒன்றுதான் சுமாராக இருந்தது. செல்கள் தங்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிற வலிதான் அது, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். குவைத்துக்கு மகனை ஏற்றிவிட்ட கங்கையா, புரிந்ததாகத் தலையாட்டினான்.

செல் பிரிக்கிற நாளன்று மெஷினுக்குப் பூஜை. ஜெர்மனியிலிருந்து வந்த மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். அதன் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். பச்சையம்மாளின் இரண்டு கையிலும் குழாய் செருகி ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. ஐயர் கற்பூரம் ஏற்றியதும் கூரையில் இருந்த தீயணைப்பு யந்திரம் அதைத் தீ என்று எடுத்துக்கொண்டது. அதுவும் ஜெர்மனிதான், கற்பூரத்தைப் பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மணி அலறியது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. சேர்மன், கிரண்குமார், ஐயர், அனைவரும் விதிமுறைப்படி படிக்கட்டு வழியாக ஓடி மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பச்சையம்மாள் மட்டும் மெஷினோடு கட்டிப்போட்ட நிலையில் நனைந்துகொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பெண் ஓடாமல், ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து அவளையும் மெஷினையும் சேர்த்துப் போர்த்தி, பக்கத்தில் நின்றுகொண்டாள். பேர் சுமித்ரா, நகரிப் பெண். பிசியோதெரபி படித்தவள்.

“பயப்படாதீங்க அக்கா. இது வெறும் தண்ணி.”

“நீ இன்னாத்துக்கு ஓடலை?”

“நீங்க ஓடலையே.”

அன்று மாலை கிரண்குமார் பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்தி: புனித நீராடலோடு செல் சேகரிப்பு இனிதே நிறைவேறியது.

பிரித்த செல்கள் ஒரு சின்னப் பையில் அடைக்கப்பட்டு ஐந்தாவது மாடியில் ஃப்ரீசருக்குப் போயின. மறுநாள் முட்டியில் போட்டுவிடுவார்கள் என்று பச்சையம்மாள் நினைத்தாள். வீட்டில் கடலை விதைக்க வேண்டும். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

“மந்திரி வந்துதான் துவக்கி வைக்கணும்மா” என்றார் கிரண்குமார். “முதல் முட்டி இல்லையா? சாதாரணமா போட முடியாது.”

மந்திரி சட்டசபையில் இருந்தார். சட்டசபை முடிந்ததும் இடைத்தேர்தல் வந்தது.

“நடத்தை விதி அமலுக்கு வந்துட்டுது” என்று அடுத்த முறை விளக்கினார் கிரண்குமார். “இப்ப உங்க முட்டியில ஊசி போட்டா வாக்காளருக்குக் கொடுத்த சலுகைன்னு எடுத்துக்குவாங்க. எதிர்க்கட்சி கம்ப்ளெயின்ட் கொடுத்தா முட்டியை சீல் வெச்சுடுவாங்க.”

“அப்ப ஊட்டுக்குப் போய்ட்டு தேர்தல் முடிஞ்சி வர்றேன் சார்.”

“எப்படிம்மா? உங்க செல் இங்க இருக்கு. செல்லும் நீங்களும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும்னு சேர்மன் உத்தரவு. நீங்க இப்ப இன்ஸ்டிட்யூட்டோட சொத்து.”

ஆகவே கங்கையா ஊருக்குப் போய்த் தனியாக விதைத்தான். பச்சையம்மாள் குளிர் அறையில் காத்திருந்தாள்.

ஆரம்பத்தில் அவளுக்கு அது சிறை மாதிரி இருந்தது. விடிவதற்கு முன் எழுந்து, பெருக்க ஒன்றும் இல்லாமல் பெட்ஷீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பாள். யாரோ சமைத்ததைத் தட்டில் வைத்துக் கையில் கொடுத்தால் தொண்டையில் இறங்காது. தன் பங்குக் குனிவை ஊரில் யார் குனிகிறார்களோ என்று இருக்கும். பிறகு பழகியது. இட்லி வந்தால் தின்றாள். டிவி ஓடினால் பார்த்தாள். பகலில் தூங்கினாள். கல்யாணமானதிலிருந்து பகலில் தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை.

காலையும் மாலையும் சுமித்ரா வருவாள். அவளுக்கு அங்கே வேறு நோயாளி இல்லை. முன்னோடிக்குப் பின்னால் யாரும் இன்னும் வரவில்லை.

“மடக்குங்க அக்கா. நீட்டுங்க. தொடையை இறுக்குங்க. இப்ப விடுங்க. வலிச்சா நிறுத்திக்கலாம்.”

“இது எதுக்கும்மா? அதான் ஊசி போடப்போறாங்களே.”

“சும்மாத்தானே கீறோம் ரெண்டு பேரும்” என்று சிரித்தாள் சுமித்ரா.

இப்படி ஒரு காலை, பச்சையம்மாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தாள். எடுத்த பிறகுதான், தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. தரையில் குந்திக்கொண்டிருந்தாள். இரண்டு குதிகாலும் முழுசாகத் தரையில் இருந்தன. முட்டி மடங்கி, லேசாக இழுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் இருந்தது.

எழுந்தால் போய்விடுமோ என்று பயந்து அப்படியே இருந்தாள். சுமித்ரா கதவைத் திறந்தபோது பச்சையம்மாள் சீப்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா! விழுந்துட்டீங்களா?”

“இல்லம்மா. குந்திகினு கீறேன்.”

சுமித்ராவும் அவளுக்கு எதிரே குந்தினாள். இரண்டு பேரும் கடலைக் கொல்லையில் இருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தோஷத்தில் சுமித்ரா இதைச் சேர்மனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். படித்த பெண்தான், ஆனாலும் இன்ஸ்டிட்யூட் என்றால் என்ன என்று படிக்கவில்லை.

“குணமாயிடுச்சா?” என்றார் டாக்டர் ஹரிபிரசாத். “யார் உத்தரவு கொடுத்தது?”

“சார், ரெஸ்ட்ல இருந்தாங்க. எக்சர்சைஸ் பண்ணினாங்க...”

“சிகிச்சைக்கு முன்னாடி குணமாறது நெறிமுறைக்கே விரோதம். மந்திரி தேதி கொடுத்துட்டார். எக்சர்சைஸ் இன்னியோட நிறுத்து.”

அந்த வாரமே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போவது செய்தியில்லை, வருவதுதான் செய்தி. ஜெனரேட்டர் உடனே ஓடியது. நீரூற்று ஓடியது. பெயர்ப்பலகை பட்டப்பகலில் எரிந்தது. சேர்மன் அறை குளிர்ந்தது. ஐந்தாவது மாடிக்கு மட்டும் ஜெனரேட்டர் வயர் போகவில்லை. காரணம் எளிமையானது. நகராட்சிக்குக் கொடுத்த பிளானில் கட்டடம் நான்கு மாடிதான். இல்லாத மாடிக்கு யாராவது வயர் இழுப்பார்களா? சாயங்காலம் கரண்ட் வந்தபோது ஃப்ரீசரில் பச்சையம்மாளின் செல்கள் வெதுவெதுப்பாக, செத்துப் போயிருந்தன.

அவசரக் கூட்டம் போட்டார்கள். செத்துவிட்டன என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்தக் கூடாது, ‘செல்கள் ஆழ்ந்த ஓய்வில் உள்ளன’ என்று சொல்ல வேண்டும் என்று முடிவானது. மறுபடி ரத்தம் எடுக்க நேரமில்லை. மறுநாள் மந்திரி வருகிறார். மேடையில் உப்புத் தண்ணீரைப் போட்டுவிடலாம், தீங்கில்லை என்று டாக்டர் சொன்னார். அனைவரும் அறிவியலின் நெகிழ்வுத்தன்மையை வியந்து கலைந்தார்கள்.

கூட்டத்திலிருந்து சுமித்ரா நேராகப் பச்சையம்மாளிடம் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அக்கா, உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை. அஞ்சாவது மாடிக்கு ஜெனரேட்டர் வயர் இல்லாம, உங்க பையில இருந்தது செத்துப்போச்சு. நாளைக்குப் போடப்போறது வெறும் உப்புத் தண்ணி.”

“எலும்பெல்லாம் குடைஞ்சி எடுத்த ரத்தம்மா அது” என்றாள் பச்சையம்மாள். “வாணாம்னா என்கிட்டயே குடுத்திருக்கலாமே.”

பிறகு, “நீ சொன்னேன்னு தெரிஞ்சா உன் வேலை போய்டுமே?” என்றாள்.

“தெரிஞ்சாதானே அக்கா?”

“நான் கேட்டா தெரிஞ்சிடுமே.”

சுமித்ரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து, “கேளுங்க” என்றாள்.

விழாவன்று காலையில் கிரண்குமார் ஒரு புதுப் பட்டுப்புடவையோடு வந்தார். ஒரு சின்ன வேண்டுகோளும் கொண்டு வந்தார்.

“மேடை ஏறும்போது கொஞ்சம் நொண்டிக்கிட்டே ஏறணும்மா. ஊசி போட்டதும் நேரா இறங்கலாம்.”

“கால் நல்லா கீதே சார்.”

“அதான் பிரச்னை. உங்களுக்கு நொண்டத் தெரியாததில்லையே? ஏற்கெனவே அனுபவம் இருக்கு.”

பச்சையம்மாள் புடவையைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய வலது முழங்காலைச் சுற்றிப் புடவை மேலேயே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். மந்திரி வெட்டித் திறந்து வைப்பதற்கு.

மைதானத்தில் பந்தல். முன் வரிசையில் ஹைதராபாத்திலிருந்து வந்த பெரிய மனிதர்கள். பின்னால் ஆஸ்பத்திரி லாரி அனுப்பி வரவழைத்த பாலசமுத்திரத்து ஜனங்கள். அவர்கள் நடுவில் கங்கையா வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஹரிபிரசாத் பேசினார். “நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதைப் போல! அமெரிக்காவில் நான் பல இரவுகள் விழித்திருந்து கண்டுபிடித்த உவமை இது.” கைதட்டல். “சிலர் கேட்கிறார்கள், இதற்கு ஆதாரம் எங்கே என்று. நான் கேட்கிறேன், இந்தக் கட்டடத்தைவிட என்ன ஆதாரம் வேண்டும்? சந்தேகம் உள்ள இடத்தில் இத்தனை கண்ணாடி போட முடியுமா?” பலத்த கைதட்டல். “எங்கள் நோயாளிகளுக்கு நாங்கள் எதையும் மறைப்பதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எதையும் சொல்வதே இல்லை... அதாவது, சிரமம் கொடுப்பதில்லை!”

பச்சையம்மாள் மேடைக்கு அழைக்கப்பட்டாள். படிகளில் நேராக, கைப்பிடியைத் தொடாமல், வரப்பில் நடக்கிற மாதிரி ஏறி வந்தாள். கிரண்குமார் கண்ணால் கெஞ்சினார். அவள் பார்க்கவில்லை.

மந்திரி வியந்தார். “இந்தம்மாவுக்கு இன்னும் ஊசி போடலைன்னீங்களே?”

டாக்டர் ஹரிபிரசாத் மைக்கைப் பிடித்தார்.

“அதுதான் இதன் அதிசயம் சார்! செல்களுக்கு அறிவு உண்டு. தாங்கள் வருகிற சேதி கேட்டு முட்டி முன்கூட்டியே ஒத்துழைக்க ஆரம்பித்துவிட்டது!”

மந்திரி இதை ஆட்சேபிக்கவில்லை. அவருடைய வருகையால் இதற்குமுன் மழையே பெய்திருக்கிறது.

“இப்ப அம்மா தமிழ்லயே பேசட்டும், சென்னைச் சேனல்கள் எல்லாம் வந்திருக்கு, நான் மொழிபெயர்க்கிறேன்” என்று கிரண்குமார் மைக்கை நீட்டினார்.

பச்சையம்மாள் மைக்குக்கு நேராக வந்து நின்றாள்.

“என் முட்டிக்கு இங்க ஆரும் ஒண்ணும் பண்ணல. உக்கார வெச்சி சோறு போட்டாங்க. அந்தப் பொண்ணு சுமித்ரா காலை மடக்கி நீட்ட வெச்சுது. அதுல சரியாப்பூட்டுது. என் ரத்தத்துல எடுத்தது, அஞ்சாவது மாடிக்கு வயரு இழுக்காததால, கரண்ட் இல்லாம செத்துப்போச்சு. இப்ப போடப்போறது உப்புத் தண்ணி. அது எனக்கு வாணாம்.”

கிரண்குமார் தெலுங்கில் மொழிபெயர்த்தார்: “தாய் வீடு போல இங்கே அன்னமிட்டார்கள் என்கிறார். பழைய செல்கள் இறந்து புதிய செல்கள் பிறந்தன என்கிறார். கடலைப் போன்ற சேர்மனின் கருணைக்கு முன் தான் வெறும் உப்புத் தண்ணீர் என்கிறார்.”

முன் வரிசை எழுந்து நின்று தட்டியது. எல்லைக்காரியான பச்சையம்மாளுக்குத் தெலுங்கும் வரும் என்று முதலில் சொன்னவரே கிரண்குமார்தான். அந்த நேரத்தில் மறந்துவிட்டார். அவள் மைக்கைப் பிடுங்கினாள். “காதண்டி!” என்றாள். இல்லைங்க! பிறகு சொன்னது அத்தனையையும் தெலுங்கில் மறுபடி சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ஐந்தாவது மாடி வயரைக்கூட.

மந்திரியின் கண்கள் கலங்கின.

“பாருங்கள் இந்த அடக்கத்தை!” என்றார். “இத்தனை பெரிய அதிசயம் நடந்திருக்கிறது, எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்கிறாள். கிராமத்துத் தாய் என்றால் இவள்தான் தாய்! பொன்னாடை எங்கே?”

பொன்னாடை வந்தது. ரிப்பன் வெட்டப்பட்டது. ஊசி மட்டும் வேண்டாம் என்று அவள் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால், அதைத் தட்டில் வைத்து முட்டிக்கு நேராக மூன்று தடவை சுற்றிக் காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். பின் வரிசையில் பாலசமுத்திரத்து ஜனங்களுக்குத் தமிழும் புரிந்தது, தெலுங்கும் புரிந்தது. அவர்களும் தட்டினார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

கங்கையா மட்டும் தட்டவில்லை. பொன்னாடையோடு வந்தவளைப் பார்த்து, “இன்னாமே, இவ்ளோ நல்லா பேசற!” என்றான். “உண்மையத்தான சொன்னேன்” என்றாள். “அதான் சொல்றேன்” என்றான்.

சுமித்ராவை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். முன்னோடியின் காலை அனுமதியின்றி மடக்கியது குற்றம். அவள் சித்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள், பச்சையம்மாளுக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணி, “மடக்கறீங்களா அக்கா?” என்று அதட்டுவாள்.

பச்சையம்மாள் கடலைக்குக் களையெடுத்தாள். குந்தித்தான். அடிக்கடி எழுந்து நின்றுகொண்டாள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் கிரண்குமார் போன் செய்தார். ஹைதராபாத்தில் உலக மாநாடு, பச்சையம்மாள் வர வேண்டும் என்றார். “கடலை பிடுங்கணும் சார்” என்றாள். “இன்னொண்ணு, நான் வந்தா அதேதான் சொல்வேன்” என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

மாநாடு டிவியில் வந்தது. கங்கையா கத்தினான். “ஏமே! ஓடியா! நீ வர்ற!”

திரையில் ஒரு பெண்பிள்ளை பட்டுப்புடவையில் நின்றாள். கீழே ‘பாலசமுத்திரம் பச்சையம்மாள்’ என்று எழுத்து ஓடியது. சேர்மன் என் தெய்வம் என்று அவள் மணிமணியாகச் சொன்னாள். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்காருகிறபோது இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது காலை முன்னால் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். கேமராவுக்கு அது புரியவில்லை. பச்சையம்மாளுக்குப் புரிந்தது.

“அவளுக்கு நெஜமா வலிக்குதுய்யா” என்றாள்.

கிரண்குமாருக்குப் போன் போட்டாள். “சார், அந்தம்மா எந்த ஊரு?”

“எந்தம்மா?”

“டிவில வந்தாங்களே, பச்சையம்மா.”

“பேஷன்ட் விவரம் வெளியாளுக்குத் தர மாட்டோம். நீங்க யாரு பேசறது?”

“பச்சையம்மா.”

“ராங் நம்பர்” என்றார் கிரண்குமார்.

சுமித்ராதான் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டுச் சொன்னாள். அவள் கார்வேட்டிநகரத்துப் பக்கம், செங்கல் சூளை வேலைக்காரி, பேர் பொன்னியம்மா. முட்டி வலிக்கு வைத்தியம் கேட்டுப் போன இடத்தில் வைத்தியத்துக்குப் பதிலாக மேடை கிடைத்தது.

பச்சையம்மாள் பஸ் ஏறிப் போனாள். பொன்னியம்மா வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துப்போய், எழ முயன்று, முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தப்புதாங்க அக்கா. உங்க பேரைச் சொல்லிட்டேன். மேடையெல்லாம் முடிஞ்சி கடைசியில முட்டிய சரி பண்ணித் தர்றோம்னு சொன்னாங்க.”

“அது கெடக்குது. உக்காரு. வலி எங்க?”

பொன்னியம்மா தொட்டுக் காட்டினாள். பச்சையம்மாள் எதிரே குந்தி, அந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

“சூளைக்குப் போறியா இன்னும்?”

“போவாம? அடுத்த வாரம் போவ முடியாது. டில்லிக்குக் கூட்டினு போறாங்களாம், ஏதோ பெரிய கண்காட்சியாம். அங்க மாசக் கணக்குல இருக்கணுமாம். எனக்குப் பயமா கீதுக்கா. உங்க பேர்ல போறது. வாணாம்னு சொல்லிடட்டா?”

பச்சையம்மாள் யோசித்தாள்.

“தங்கறதுக்கு ரூமு?”

“அவங்களே குடுப்பாங்களாம்.”

“சோறு?”

“மூணு வேளையும்.”

“வேலை?”

“ஒண்ணுமில்லியாம். நாள் பூரா நாற்காலில உக்காந்துகினு இருக்கணும். ஆராவது வந்தா கும்புடணும், அவ்ளோதான்.”

பச்சையம்மாள் முட்டியை விட்டுவிட்டு எழுந்தாள். முகத்தில் நிம்மதி.

“அப்ப வாணாம்னு சொல்லாத. என் பேர்லயே போய்ட்டு வா” என்றாள். “முட்டி சரியாப்பூடும்.”